காதுக்குள் சத்தம், கூடவே வலி: அந்த மாத்திரை எதற்கு?

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை பதினொரு நாள் மேசை மேல் அப்படியே கிடந்தது. பத்து மில்லிகிராம், ராத்திரி படுக்கப் போகும்முன் ஒன்று, அவ்வளவுதான். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்ததுதான் வினை. பொடி எழுத்தில் நீளமாக ஓடிய பக்க விளைவுப் பட்டியலின் நடுவே ‘காது இரைச்சல்’ என்று ஒரு வரி இருந்தது. எதற்காகப் போடுகிறோமோ அதையே கிளப்பிவிடும் என்று தாளிலேயே அச்சடித்திருந்தால் யாருக்குத்தான் கை வரும்? ஆறு வருடமாக இரண்டு காதிலும் இருக்கிற சத்தம் அது, ஏறக்குறையப் பழகியும் போயிருந்தது. கடைசி இரண்டு மாதத்தில் அது மெல்ல மெல்ல ஏறி, கூடவே வலது காதுக்குள் ஊசியால் குத்துகிற மாதிரி ஒரு வலியும் சேர்ந்துகொண்ட பிறகுதான், இனிமேல் சும்மா இருக்கக் கூடாது என்று மருத்துவரிடம் போனேன்.

அட்டையைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள், “இது எதுக்குடா? வலிக்கா, சத்தத்துக்கா?”

எனக்குத் தெரியவில்லை. கேட்காமலேயே வந்திருந்தேன்.

காது இரைச்சலும் காது வலியும் சேர்ந்து வரும்போது நம்மில் பெரும்பாலானோர் செய்கிற பிழை இதுதான் என்று நினைக்கிறேன். சத்தம், வலி, அந்த இரண்டாலும் கெடுகிற தூக்கமும் மனசும் எல்லாம் ஒரே இடத்தில் நடப்பதால் ஒரே நோய் மாதிரித் தெரிகிறது. அதனால் ஒரே மருந்து, போடலாமா வேண்டாமா என்று ஒரே கேள்வி. உண்மையில் இந்த மூன்றுக்கும் மருந்துக் கணக்கு தனித்தனி. ஒன்றுக்கு மருந்தே கிடையாது, ஒன்றுக்கு நல்ல மருந்து இருக்கலாம், மூன்றாவதற்கு இருக்கிற மருந்தில் சில நம்மைப் பிடித்துக்கொண்டு விடாது.

சத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 2022-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்குப்படி உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர், அதாவது 74 கோடிப் பேருக்கு மேல், காது இரைச்சலை அனுபவித்திருக்கிறார்கள். அதில் 12 கோடிப் பேருக்கு மேல் அது கடுமையான தொல்லை. இவ்வளவு பெரிய சந்தை இருந்தும், காது இரைச்சலைக் குறைப்பதற்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. முயற்சி இல்லாமல் இல்லை. செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போட்டுச் செலுத்தும் மருந்து ஒன்று மூன்றாம் கட்டச் சோதனை வரை போய் மருந்தில்லாத வெறும் ஊசியைவிட மேலானதில்லை என்று நின்றுபோனது, அதற்குப் பின்னால் வந்த இன்னொன்று 2022-ல் இரண்டாம் கட்டத்திலேயே விழுந்தது.

காரணம், அந்தச் சத்தம் பெரும்பாலும் காதில் உற்பத்தியாவதே இல்லை. உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் பகுதியில் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வயது, பெரும் சத்தம், சில மருந்துகள் என்று ஏதோ ஒன்றால் அவற்றில் ஒரு பகுதி சேதமானால், அந்தப் பகுதியிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய செய்தி குறைந்துபோகும். மூளை என்ன செய்கிறது என்றால், சரியாக எடுக்காத ரேடியோவுக்கு நாம் செய்வதையே செய்கிறது, வால்யூமைக் கூட்டுகிறது. கூட்டினால் பாட்டா வரும்? இரைச்சல்தான் வரும். அதனால்தான் பலருக்குக் காது இரைச்சலின் சுருதி, செவித்திறன் எந்த அதிர்வெண்ணில் குறைந்திருக்கிறதோ அதை ஒட்டியே அமைகிறது. காது நரம்பில் வரும் கட்டியை எடுக்கும்போது நரம்பையே வெட்டிவிட நேர்ந்தவர்கள் பலருக்குக் காது முழுச் செவிடான பிறகும் இரைச்சல் மட்டும் நிற்கவில்லை என்பதை அறுவை நிபுணர்கள் பல வருடங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட்டார்கள்.

இன்னொரு பழைய சோதனையும் எனக்குப் பிடிக்கும். 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் எந்தக் குறையும் சொல்லாத 80 பேரை ஒலி புகாத அறைக்குள் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். ஆக மூளைக்குள் இந்த முணுமுணுப்பு ஓரளவு எல்லோருக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளிச் சத்தம் அதை மூடிவிடுகிறது. நம் விஷயத்தில் அது மூடாமல் போனதோடு, ஆபத்து என்ற முத்திரையும் அதன்மேல் விழுந்துவிட்டது.

அந்த முத்திரை எவ்வளவு பெரியது என்பதை என் காதிலேயே பார்த்தேன். செவித்திறன் பரிசோதனை செய்த பெண், ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கவிட்டு, “உங்க சத்தம் இதுவா, இன்னும் மேலயா?” என்று கேட்டுக்கொண்டே போனார். 6,000 ஹெர்ட்ஸில் கையைத் தூக்கினேன். அப்புறம் அதே சுருதியை எவ்வளவு உரக்க வைத்தால் என் சத்தத்துக்குச் சமமாக இருக்கும் என்று பார்த்தார். அந்த அதிர்வெண்ணில் எனக்குக் கேட்க ஆரம்பிக்கும் அளவைவிட ஏழு டெசிபல்தான் அதிகம். ஏழு! குக்கர் விசில் மாதிரி என்று மருத்துவரிடம் கையை ஆட்டி ஆட்டி விவரித்த சத்தம், அளந்து பார்த்தால் இலை அசைகிற அளவு. இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமில்லை, தாங்க முடியவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த அளவீடு இப்படிச் சில டெசிபல்களிலேயே நிற்கும். தொல்லையின் அளவும் சத்தத்தின் அளவும் தனித்தனியாக ஓடுகின்றன, அதனால் ஒரு மாத்திரை தொல்லையைக் குறைத்தது என்றால் சத்தத்தைக் குறைத்தது என்று பொருளாகாது.

மருந்தால் சத்தத்தை அடக்கவே முடியாதா என்றால், ஒரு மருந்தால் முடியும், அதுதான் இந்தக் கதையின் வயிற்றெரிச்சல். நோபல் பரிசு பெற்ற காது மருத்துவர் ராபர்ட் பாரனி 1935-ல், மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டபோது காது இரைச்சல் கொஞ்ச நேரம் அடங்குவதைக் கவனித்து எழுதினார். பிற்பாடு அதே குடும்பத்தைச் சேர்ந்த லிடோகெய்னை ரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தபோது கணிசமான பேருக்குச் சத்தம் குறைந்தது. நிமிடக் கணக்கில், சிலருக்கு மணிக் கணக்கில், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய மருந்தைத் தினமும் ரத்தக் குழாயில் ஏற்றிக்கொண்டு வாழ முடியாது, வாயில் போடும் அதன் உறவுக்கார மருந்துகளும் கைகொடுக்கவில்லை. ஆனாலும் இந்தச் சத்தம் அணைக்கக்கூடிய ஒன்றுதான் என்பதற்கு அது சாட்சி, ஆராய்ச்சி நடப்பதும் அந்த நம்பிக்கையில்தான்.

சரி, வலிக்கு வருவோம். இங்கேதான் மருந்தின் கணக்கு மாறுகிறது.

காது இரைச்சல் தானாக வலிக்காது. சத்தத்தோடு வலி சேர்ந்தால் வலிக்கென்று தனியாக ஒரு காரணம் தேட வேண்டும், அந்தக் காரணம் பல சமயம் காதிலேயே இருக்காது. காதுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகள் ஒன்றிரண்டல்ல: மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகளில் நான்கு, கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வரும் இரண்டு. இதே நரம்புகள்தான் பல்லுக்கும் தாடைக்கும் தொண்டைக்கும் கழுத்துக்கும் கிளை விடுகின்றன. கடைவாய்ப் பல் சொத்தை, டான்சில், தாடை மூட்டு, கழுத்துப் பிடிப்பு என்று எங்கே கோளாறு வந்தாலும் மூளை அதைக் காது வலி என்று கணக்கெழுதிவிடும். மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து “சுத்தமா இருக்கே” என்று சொல்வதும், நமக்கு அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று கோபம் வருவதும் இதனால்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இரண்டு உண்டு, நோயைக் கண்டுபிடித்துவிட இது போதாது, மருத்துவரிடம் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள உதவும். காதுத் துளைக்கு முன்னால் குருத்தெலும்பாக ஒரு சிறு மேடு இருக்கிறதே, அதை அழுத்திப் பாருங்கள், காது மடலைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். உயிர் போகிற மாதிரி வலித்தால் வெளிக்காதில் கிருமித் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் பொதுவாக முதல் வைத்தியம், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எல்லாச் சொட்டு மருந்தும் ஆகாது, ஜென்டாமைசின் வகை உள்காதுக்குப் போய்ச் சேர்ந்தால் கேட்கும் திறனுக்கே ஆபத்து என்பதால் பழைய பாட்டிலைத் தேடி எடுத்து ஊற்றிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, ஆள்காட்டி விரல் இரண்டையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சொடக்கு, தாடை ஒரு பக்கமாக வளைந்து திறப்பது, அழுத்தினால் அதே பழகிய வலி, இதில் ஏதாவது தட்டுப்பட்டால் தாடை மூட்டின்மேல் சந்தேகம் வைக்கலாம்.

தாடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சத்தமும் வலியும் ஒன்றாக ஏறுகிற ஆட்களில் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும் என்பது என் கட்சி. பல்லை இறுக்கிக் கடித்துப் பாருங்கள், அல்லது தாடையை முன்னால் துருத்திப் பாருங்கள். காது இரைச்சல் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு அந்த நொடியில் சத்தத்தின் சுருதியோ உரப்போ மாறும். மூளைத்தண்டில் காதுச் செய்தி முதலில் போய்ச் சேரும் இடத்துக்கே தாடையிலிருந்தும் கழுத்திலிருந்தும் வரும் நரம்புகளும் போய்ச் சேர்கின்றன, அங்கே ஒன்றின் சலசலப்பு மற்றொன்றில் ஏறிவிடுகிறது. தூக்கத்தில் பல் நறநறக்கிற பழக்கம் உள்ளவருக்குக் காலையில் எழுந்ததும் சத்தம் அதிகமாக, காதுக்கு முன்னால் வலியோடு, நெற்றிப்பொட்டு இறுகிக் கிடந்தால் ஆச்சரியமில்லை. இதற்கு வைத்தியம் பல்லில் மாட்டிக்கொள்ளப் பல் மருத்துவர் செய்து தரும் கடிதட்டு, கொஞ்ச நாள் மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்கான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் குறுகிய காலத்துக்கு வலி மாத்திரை. காதுக்கென்று எழுதிய மருந்தை வருடக் கணக்கில் விழுங்கினாலும் இது சரியாகாது.

இன்னொரு வகை வலி இருக்கிறது, இதை அனுபவிக்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். கரண்டி தட்டில் விழுகிற சத்தம், பக்கத்தில் ஒருவர் கைதட்டுவது, இதெல்லாம் காதுக்குள் கத்தி மாதிரி இறங்கும், சிலருக்கு மறுநாள் வரை எரிச்சல் நிற்கும். சத்தம் தாங்காமை, ஹைப்பர்அக்யூசிஸ் என்பார்கள். ரொம்ப நாள் இதை மனப்பிரமை என்றே பலர் ஒதுக்கினார்கள். 2015-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நார்த்வெஸ்டர்ன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்கள் எலிகளில் தனித்தனியாகச் செய்த ஆராய்ச்சியில், உள்காதிலேயே கேட்பதற்குப் பயன்படாத ஒரு மெல்லிய நரம்பு வகை, சுற்றிலும் செல்கள் சிதையும்போது விழித்துக்கொள்வதைக் கண்டார்கள். தோலில் வலியைச் சொல்லும் நரம்பைப் போல அது நடந்துகொள்கிறது. மனிதர்களில் கதை முழுதும் தெளிவாகவில்லை, ஆனாலும் உங்கள் வலி நிஜம் என்று சொல்ல ஒரு ஆதாரம் கிடைத்ததே பெரிய விஷயம். இங்கே ஒரு எச்சரிக்கை: பயந்துபோய் நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டே இருந்தால் மூளை வால்யூமை இன்னும் கூட்டும், தாங்காமை அதிகமாகும். பெரும் சத்தம் உள்ள இடத்தில் மட்டும் அடைப்பான் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆற அமர யோசிக்கலாம் என்கிற வகை. யோசிக்கவே கூடாத வகையும் உண்டு, அங்கே மாத்திரையைப் போடாமல் தள்ளிப்போடுவதுதான் கேடு. திடீரென்று, ஒரே நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ, ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். பெரும்பாலும் தூங்கி எழுந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கும், கூடவே புதிதாக இரைச்சல், அழுக்கு அடைத்திருக்கும் என்று நாமே முடிவு கட்டி இரண்டு வாரம் ஓட்டிவிடுவோம். ஸ்டீராய்டு அதிகம் பயன்பட வாய்ப்புள்ள காலமே அந்த இரண்டு வாரம்தான், அதிலும் முதல் சில நாள்களே மேல். காது வலியோடு காது மடலில் கொப்புளம், முகம் ஒரு பக்கம் கோணுவது என்றால், ராம்சே ஹன்ட் என்பவர் 1907-ல் விவரித்த அக்கி வகை நோயாக இருக்கலாம். வைரஸ் எதிர்ப்பு மருந்தும் ஸ்டீராய்டும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் முகம் மீள வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் வயதானவருக்கு, ராத்திரியில் தூங்கவிடாத காது வலியும் சீழும் இருந்தால் கிருமி எலும்பு வரை போயிருக்கலாம், வாரக் கணக்கில் ஆன்டிபயாடிக் தேவைப்படும். நாடித் துடிப்போடு சேர்ந்து ‘உஷ் உஷ்’ என்று அடிக்கும் சத்தம், ஒரு காதில் மட்டும் வந்து நிலைத்துவிட்ட சத்தம், இவற்றுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் மாத்திரையில் ஆரம்பிப்பது வீண். புகைபிடிப்பவருக்கு, காது சுத்தமாக இருந்தும் ஒரு பக்கக் காது வலி வாரக் கணக்கில் விடாமல் இருந்தால், தொண்டையைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முதலில் கதவைத் தட்டும்.

இதெல்லாம் இல்லை என்று உறுதியான பிறகு கையில் மிஞ்சும் மருந்துச் சீட்டில் என்னென்ன இருக்கும்? பீட்டாஹிஸ்டின் பெரும்பாலும் இருக்கும். மெனியர் நோய் என்ற தலைசுற்றல் வகைக்கு உலகெங்கும் எழுதுகிறார்கள், அதற்கே 2016-ல் வந்த பெரிய சோதனையில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அது கூடுதலாக எதுவும் செய்யவில்லை. வெறும் காது இரைச்சலுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி நேராகவே சொல்கிறது. ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாறு இருக்கலாம். 2001-ல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்று முடித்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. அப்புறம் துத்தநாகம், பலவகை வைட்டமின்கள். குறைபாடு இருந்தால் சரி, இல்லாவிட்டால் பணத்துக்குப் பிடித்த கேடு.

அல்பிரஸோலம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகள் வேறு ரகம், இவை ‘வேலை செய்யும்’. 1993-ல் 40 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில் மாத்திரை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சத்தம் குறைந்ததாகவே வந்தது. முதல் ராத்திரியே நிம்மதியாகத் தூங்கலாம். சிக்கல் சில வாரங்களில் வரும். உடம்பு பழகிவிடும், அளவு போதாமல் போகும், நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் அவற்றோடு சேர்ந்து காது இரைச்சலும் சத்தம் தாங்காமையும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். எந்த வலையிலிருந்து தப்ப ஓடினோமோ அதிலேயே இன்னும் இறுக்கமாகச் சிக்கியவர்களின் கதை ஏராளம். ஏற்கெனவே மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிட வேண்டாம், திடீர் நிறுத்தம் வலிப்பு வரை கொண்டுபோகலாம், மருத்துவரோடு பேசிப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

என் மேசையில் கிடந்தது அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கான பழைய மருந்து, இன்று அதைவிட அதிகமாக நரம்பு வலிக்குத்தான் எழுதுகிறார்கள். மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகிற இடத்தில் வலிக்குப் பத்தில் தொடங்குகிறார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி, காது இரைச்சலுக்கென்று மனச்சோர்வு மருந்துகளையும் வலிப்பு மருந்துகளையும் வழக்கமாக எழுத வேண்டாம் என்கிறது. இதைப் படித்ததும் மருத்துவர் தப்பாக எழுதிவிட்டார் என்று குதித்தேன். தொலைபேசியில் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, “வலிக்குத்தான் எழுதினேன். தூக்கமும் கொஞ்சம் வரும். சத்தம் குறைஞ்சா அதை லாபக் கணக்குல வெச்சுக்குங்க” என்றார். அக்காவின் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு நிமிடம் ஆனது.

அப்படியும் பயம் போகவில்லை, மாத்திரை சத்தத்தை ஏற்றிவிட்டால்? இந்தப் பயத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்காதை நிஜமாகவே கெடுக்கும் மருந்துகள் உண்டு: ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின். இவற்றின் சேதம் நிரந்தரமாகலாம், ஆனால் உயிர் காக்கும் இடத்தில் கொடுக்கப்படுபவை. கொய்னா, அதிக அளவு ஆஸ்பிரின், ரத்தக் குழாயில் வேகமாக ஏற்றும் ஃபுரோஸமைட் என்ற சிறுநீர் பிரிக்கும் மருந்து ஆகியவை சத்தத்தைக் கிளப்பும், நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆஸ்பிரின் விஷயத்தில் நாளைக்குச் சில கிராம் என்ற கணக்கில்தான் இது நடக்கும், இதயத்துக்காகச் சாப்பிடும் சின்ன ஆஸ்பிரினைக் காதுக்குப் பயந்து நிறுத்துவது மடத்தனம். வலி மாத்திரைகளில் இபுப்ரோஃபென் வகையை மாதக் கணக்கில் தினமும் போடுவதைத் தவிர்க்கலாம், இரண்டு மூன்று நாள் போடுவதற்குப் பயந்து துடிக்க வேண்டியதில்லை.

பெட்டித் தாளில் இருக்கும் பட்டியல் இன்னொரு சங்கதி. சோதனையில் மருந்து எடுத்தவர் எதைச் சொன்னாலும் அதில் ஏறிவிடும், ஏழில் ஒருவருக்கு எப்படியும் இருக்கிற ஒரு தொல்லை அதில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அமிட்ரிப்டிலின் சிலருக்குச் சத்தத்தை ஏற்றியதும் உண்டு, பெரும்பாலும் நிறுத்தியதும் அடங்கியது என்றுதான் பதிவுகள். இதைவிட வலுவான எதிரி, எதிர்பார்ப்பு. ஏறும் என்று நினைத்துக்கொண்டு மாத்திரை போட்டவன், போட்ட அரைமணியில் அமைதியான அறையில் உட்கார்ந்து காதைக் கூர்மையாக்கிக் கேட்டால் என்ன கேட்கும்? நான் அதைத்தான் செய்தேன், ஏறியது, மறுநாள் மதியம் வேலையில் மூழ்கியதும் இறங்கியது. காது இரைச்சல் மருந்தே இல்லாமலும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிற ஒன்று, ஒரு நாள் ஏற்றத்தை வைத்து எந்த மருந்தையும் தூக்கில் போட முடியாது.

இந்த மருந்தில் நிஜமாகவே பார்க்க வேண்டியது வேறு. கண் அழுத்த நோயின் ஒரு வகை, புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடுவது, இதயத் துடிப்புக் கோளாறு, சமீபத்தில் வந்த மாரடைப்பு, இவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. வேறு மனச்சோர்வு மருந்தோ டிரமடால் மாதிரியான வலி மருந்தோ ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மதுவோடு சேராது. வாய் உலர்தல், மலச்சிக்கல், காலையில் மந்தம் முதல் நாளிலேயே வந்துவிடும், வலிக்கான பலன் வர வாரங்கள் ஆகும். கெட்டது முதலில், நல்லது பிறகு என்பதால்தான் நான்காம் நாளே தூக்கிப்போடுகிறவர்கள் அதிகம். மாலையில் கொஞ்சம் முன்னதாகவே போட்டால் காலை மந்தம் குறைகிறது என்பது என் அனுபவம்.

தூக்கமே இல்லாமல் நாள்கள் போகின்றன, எதிலும் பிடிப்பில்லை, வாழ்வதே எதற்கு என்று தோன்றுகிறது என்ற நிலை இருந்தால், அது காதின் பக்க விளைவு என்று சமாளிக்காமல் தனி நோயாக எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும், உடனே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அங்கே மனச்சோர்வு மருந்துக்கு நியாயமான இடம் இருக்கிறது. சத்தத்தின் தொல்லைக்கு ஆதாரம் வலுவாக உள்ள வைத்தியம் மருந்தே இல்லை, அறிவாற்றல் நடத்தைப் பயிற்சி என்கிற பேச்சு வைத்தியம். 2020-ல் 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது சத்தம் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவைக் குறைக்கிறது என்றே வந்தது. செவித்திறன் குறைந்திருந்தால் காதுக்கருவி, ராத்திரிக்கு மின்விசிறி மாதிரி மெல்லிய பின்னணி ஒலி. இவையெல்லாம் மாத்திரையோடு சேர்ந்தும் ஓடலாம்.

தொடங்கும்முன் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றுதான், ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: வலி, சத்தம், தூக்கம். பத்துக்கு எத்தனை என்று வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில் மட்டும். தினமும் எழுதினால் தினமும் காதைக் கேட்க வேண்டிவரும். இன்னும் முறையாகச் செய்ய நினைப்பவர்களுக்கு 25 கேள்விகள் கொண்ட காது இரைச்சல் வினாத்தாள்கள் இருக்கின்றன. டிஎஃப்ஐ என்பதில் நூற்றுக்குக் குறைந்தது 13 புள்ளி இறங்கினால்தான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குக் கீழே இறங்குவது அன்றைய மனநிலையாகவும் இருக்கலாம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு புது மருந்து, இல்லாவிட்டால் எது செய்தது என்று தெரியாது. எப்போது பார்த்து முடிவெடுப்பது என்று தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதியில் பலன் இல்லை என்றால் எப்படி நிறுத்துவது என்பதையும் முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

நான் ஆறு வாரம் என்று குறித்தேன், கூடவே பல் மருத்துவரிடமும் போனேன். ஒரு சமயத்தில் ஒன்று என்று இப்போதுதான் எழுதினேன், நானே அதை மீறினேன், அதனால் கடிதட்டு எவ்வளவு, மாத்திரை எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறாவது ஞாயிறு நோட்டைத் திறந்தால் வலி ஏழிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது, தூக்கம் நான்கிலிருந்து ஏழுக்கு ஏறியிருந்தது. சத்தக் கட்டத்தில் ஆறு, ஏழு, ஆறு, ஆறு, ஏழு, ஆறு. அக்காவிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, “வலிக்குத்தானே போட்ட?” என்று கேட்டுவிட்டு நோட்டை மூடி வைத்தாள். அதே பத்து மில்லிகிராமை இன்னொரு ஆறு வாரத்துக்குத் தொடர்கிறேன், அப்புறம் குறைத்துப் பார்ப்பதாக மருத்துவரோடு பேச்சு.